ஈஸ்ட் லோதியன் பண்ணைக் கட்டடத்தில் வீடு: எதைக் காப்பாற்ற வேண்டும், எதை விடலாம்?

கிழக்குக்காற்று

எடின்பரோவுக்குக் கிழக்கே, ஈஸ்ட் லோதியனில், பழைய ஸ்டெடிங் ஒன்றை வீடுகளாகப் பிரித்து மாற்றியிருக்கிறார்கள். அதில் இரண்டு வீடுகள் இப்போது விற்பனைக்கு வந்திருக்கின்றன. ஸ்டெடிங் என்பதைக் கேள்விப்படாதவர்களுக்காக: ஸ்காட்லாந்துப் பண்ணைகளில் குடியானவரின் வீடு தனியாக இருக்கும். களஞ்சியம், தொழுவம், குதிரை லாயம், வண்டிக் கொட்டகை, தானியக் கிடங்கு எல்லாம் ஒரு முற்றத்தைச் சுற்றிக் கல்லால் கட்டிய தனித் தொகுதி. அந்தத் தொகுதிதான் ஸ்டெடிங்.

முதல் வீடு வண்டிக் கொட்டகையாக இருந்தது. வரிசையாக நான்கு கல் வளைவுகள், எல்லாவற்றுக்கும் தரையிலிருந்து உச்சிவரை கண்ணாடி போட்டிருக்கிறார்கள். மேலே தானியக் கிடங்கு இருந்த இடத்தில் படுக்கையறைகள். இரண்டாவது வீடு பழைய களஞ்சியம். அதன் பின்சுவரை ஒட்டி எட்டுப் பட்டையாக ஒரு சிறு கட்டடம் நிற்கிறது. அதைச் சாப்பாட்டு அறையாக்கிவிட்டார்கள். மொத்தத் தொகுதியும் பி வகைப் பட்டியலில் உள்ள கட்டடம், அதாவது சட்டப்படி பாதுகாக்கப்பட்டது.

எனக்கும் மனைவிக்கும் இரண்டுமே பிடித்துவிட்டன. ஆனால் விற்பனை விளம்பரத்தில் "கிராமிய அமைதி" என்பதைத் தாண்டி உருப்படியாக ஒன்றும் இல்லை. பணத்தைப் போடுவதற்கு முன் இதை ஒரு கட்டடமாகப் புரிந்துகொள்ள ஆசை. எந்த வீட்டை எடுப்பது, போய்ப் பார்க்கும்போது எதையெல்லாம் கவனிப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கல்லும்சாந்தும்

தம்பி, அந்த இரண்டு வீட்டையும் தனித்தனியாகப் பார்க்காதீர்கள். முழுத் தொகுதியையும் ஒரு காகிதத்தில் வரைந்து, எந்தப் பக்கத்தில் என்ன வேலை நடந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். பாதிக் கேள்விக்கு அதிலேயே விடை வந்துவிடும். பழைய கல் கட்டடங்களைப் பழுதுபார்க்கும் வேலையில் இருப்பவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

18ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி வரை லோதியனில் கதிரைத் தடியால்தான் அடித்தார்கள். களஞ்சியத்தில் எதிரெதிராக இரண்டு கதவுகள் இருக்கும். இரண்டையும் திறந்துவிட்டால் குறுக்கே காற்று வீசும், அந்தக் காற்றில் தூற்றுவார்கள். 1786இல் ஈஸ்ட் லிண்டன் அருகே ஹூஸ்டன் மில்லில் ஆண்ட்ரூ மீகிள் கதிரடிக்கும் இயந்திரத்தைச் சரியாக ஓடவைத்துக் காட்டினார். உங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான். அதற்கப்புறம் இந்தப் பகுதியில் புதிதாகக் கட்டிய ஸ்டெடிங்குகள் அந்த இயந்திரத்தை நடுவில் வைத்தே திட்டமிடப்பட்டன.

நீங்கள் சொல்லும் எட்டுப் பட்டைக் கட்டடம் குதிரை ஆலை. உள்ளே நான்கு முதல் ஆறு குதிரைகள் வட்டமாக நடக்கும். நடுத்தண்டு சுழல, பல்சக்கரங்கள் வழியாக அந்த விசை சுவரைத் தாண்டிக் களஞ்சியத்துக்குள் போய் இயந்திரத்தின் உருளையைச் சுற்றும். களஞ்சியத்துக்கு வடக்கே கதிர்ப்போர்களை அடுக்கும் திடல். கதிர்க்கட்டு அங்கிருந்து மேல்தளத்துக்கு ஏறும். இயந்திரத்தில் விழுந்ததும் தானியம் ஒரு வழி, வைக்கோல் ஒரு வழி. வைக்கோல் முற்றத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நடுக் கட்டடத்துக்குப் போய், அங்கிருந்து இருபுறமும் உள்ள மாட்டு முற்றங்களுக்குப் பிரியும். குளிர்காலம் முழுக்க மாடுகள் டர்னிப் தின்று, வைக்கோலை மிதித்து எருவாக்கும். அந்த எரு திரும்ப வயலுக்கு. வடக்கே உயரமான களஞ்சியம் காற்றை மறைக்க, தெற்கே முற்றம் வெயிலுக்குத் திறந்திருக்கும்.

தானியக் கிடங்கு ஏன் வண்டிக் கொட்டகைக்கு மேல்? தரை ஈரம் ஏறாது, எலிக்கு வழி கடினம், கீழே திறந்த வளைவுகள் வழியே காற்று ஓடிக்கொண்டே இருக்கும். இறக்கும் மூட்டைக்கு அடியிலேயே வண்டி தயாராக நிற்கும். இப்படி ஒவ்வொரு சுவருக்கும் ஒரு காரணம் உண்டு.

என் கருத்து இதுதான்: முற்றத்தில் நின்று பார்த்தால் கதிர் எங்கே நுழைந்தது, வைக்கோல் எங்கே போனது, மாடு எங்கே நின்றது என்று இன்னமும் தெரிந்தால் அது நல்ல மாற்றம். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சன்னலும் ஒரே மாதிரி வாசற்கதவுமாகக் கல் முகம் வைத்த வரிசை வீடாகிவிட்டால், கல் மிஞ்சினாலும் ஸ்டெடிங் போய்விட்டது என்றே சொல்வேன்.

மழைநாள்

அண்ணா, மீகிளின் பட்டறையில் கற்றுக்கொண்டவர்தானே ஜான் ரென்னி? லண்டனில் பழைய வாட்டர்லூ பாலத்தைக் கட்டியவர். பிறந்த இடமும் ஈஸ்ட் லிண்டனை ஒட்டிய ஃபாண்டாசி பண்ணை.

கல்லும்சாந்தும்

அவரேதான், 1761இல் பிறந்தார். ஃபாண்டாசியில் பழைய புறாமாடம் ஒன்று இன்றும் இருக்கிறது, ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளையின் பராமரிப்பில். அந்தப் பக்கம் போகிறவர்கள் பார்க்கலாம்.

நேர்கோடு

கிளாஸ்கோவில் கட்டடக் கலைஞராக இருக்கிறேன். கல்லும்சாந்தும் அண்ணா சொன்ன வரலாற்றில் எனக்கு மறுப்பில்லை. முடிவில்தான் முரண்படுகிறேன்.

குதிரை போய்விட்டது. டிராக்டர் வந்தது, அறுவடை இயந்திரம் வயலிலேயே கதிரை அடித்துவிடுகிறது. அது அந்த வளைவுக்குள் நுழையவும் முடியாது. எஃகுச் சட்டம் போட்ட பெரிய கொட்டகை ஒன்றை ஓரமாக எழுப்பிவிட்டு, பண்ணைக்காரர் பழைய சதுக்கத்தைக் கைவிட்டார். கூரை ஒரு மூலையில் ஓட்டையானால் சில குளிர்காலத்தில் உத்தரம் உளுத்து மொத்தமும் விழும். அப்படி விழுந்த ஸ்டெடிங்குகள் அபர்தீன்ஷயர் முதல் பெரிக்‌ஷயர் வரை எத்தனையோ. வீடாக மாற்றினால்தான் அதைக் காப்பாற்றப் பணம் வரும். மனிதர் குடியிருக்கும் வீட்டுக்கு வெளிச்சம் வேண்டும், காற்று வேண்டும், சமையலறைப் புகைபோக்கி வேண்டும், குழந்தைகள் ஓட இடம் வேண்டும். தொழுவத்தின் மறுபுறச் சுவரில் சன்னலே வைக்கக்கூடாது என்று அதிகாரிகள் பிடிவாதம் பிடித்ததால், பகலிலும் விளக்குப் போட்டு வாழும் குடும்பங்களை எனக்குத் தெரியும்.

புதிய திறப்பைப் புதியது என்று தெரியும்படி நேர்மையாகச் செய்தால் போதும். பழைய திறப்பைப் போல் பாவனை செய்யும் சன்னலைவிட, மெல்லிய எஃகுச் சட்டத்தில் ஒரே ஒரு பெரிய கண்ணாடி எவ்வளவோ மேல்.

அபர்தீன்அக்கா

அபர்தீன்ஷயரில் கிரானைட் ஸ்டெடிங் ஒன்றில், பழைய குதிரை லாயத்தில் குடியிருக்கிறோம். இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது.

எங்கள் வீட்டின் அழகே லாயத்துச் சன்னல்கள்தான். மேல்பாதி கண்ணாடி, கீழ்ப்பாதி மரப்பலகை. குதிரைக்கு வெளிச்சம் மேலிருந்து, காற்று கீழிருந்து. மாற்றியவர்கள் அந்த வடிவத்தை விட்டுவைத்து, பலகைக்குப் பின்னால் இரட்டைக் கண்ணாடி கொடுத்திருக்கிறார்கள். கோடையில் பலகையைத் திறந்துவிட்டால் காற்று வெகு இதமாக வரும். கூடத்தின் ஓரத்தில் குதிரைகளைப் பிரிக்கும் தடுப்பின் வார்ப்பிரும்புத் தூண் ஒன்று அப்படியே நிற்கிறது. அதன் தலையில் உருண்டை. என் மகன் பள்ளிப் பையை அதில்தான் மாட்டுவான்.

துன்பம் எங்கே என்றால் சுவரில். எங்களுக்கு முன்னால் யாரோ வெளிப்புறக் கல் இணைப்பு முழுவதையும் சிமெண்டால் அடைத்திருக்கிறார்கள். மேற்குச் சுவரில் மழை அடித்தால் உள்ளே இரண்டு நாளில் பூஞ்சணம். ஒரு நிறுவனம் வந்து, உள்ளே நீர்புகாப் பூச்சு அடித்தால் சரியாகிவிடும் என்று காசு வாங்கிக்கொண்டு போனது. ஈரம் பக்கத்துச் சுவருக்கு நகர்ந்ததுதான் மிச்சம். வாங்கப்போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது கண்ணாடி வளைவை அல்ல, கற்களுக்கு நடுவில் இருக்கும் சாந்தை.

கல்லும்சாந்தும்

அக்கா சொன்னதை எல்லாரும் ஒருமுறை படித்துக்கொள்ளுங்கள். இந்தச் சுவர்கள் ஏறக்குறைய 60 சென்டிமீட்டர் கனம். வெளியே ஒரு கல் முகம், உள்ளே ஒரு கல் முகம், நடுவில் சிறுகல்லும் சுண்ணாம்பும் கொட்டிய நிரப்பு. மழைநீர் கொஞ்சம் உள்ளே போகத்தான் செய்யும். மழை விட்டதும் கல்லைவிட மென்மையான சுண்ணாம்புச் சாந்து வழியாக அது வெளியே உலர்ந்துவிடும். இணைப்பைச் சிமெண்டால் அடைத்தால் நீர் போகும் வழி கல்தான். ஈஸ்ட் லோதியனில் மணற்கல். ஈரத்தோடு உறைபனியும் சேர்ந்தால் கல்லின் முகம் ஏடு ஏடாகப் பெயர்ந்து வரும். சிமெண்ட் விளிம்பு மட்டும் துருத்திக்கொண்டு நிற்க, கல் உள்வாங்கிக் குழிந்திருந்தால் நோய் இதுதான். கிரானைட் குழியாது, அதனால் அக்கா வீட்டில் ஈரம் நேராக உள்ளே வந்திருக்கிறது.

உள்ளே வெப்பக்காப்பு போடும்போதும் இதே கதைதான். பிளாஸ்டிக் நுரைப் பலகையைச் சுவரோடு ஒட்டி மூடினால் வீடு சூடாக இருக்கும், சுவர் குளிர்ந்து போகும். உள்ளிருந்து போகும் நீராவி பலகைக்குப் பின்னால் நீராகும், அங்கேதான் உத்தரங்களின் முனை சுவருக்குள் செருகியிருக்கிறது. மரநார்ப் பலகை, சணல் கலந்த சுண்ணாம்புப் பூச்சு மாதிரி ஆவியை விடுகிற பொருள் போட வேண்டும். ஸ்காட்லாந்து வரலாற்றுச் சூழல் அமைப்பு இதற்கெல்லாம் சிறு வழிகாட்டிகளை இலவசமாகவே வெளியிடுகிறது, தேடிப் படியுங்கள்.

நேர்கோடு, உங்களுக்கும் ஒரு பதில். புதிய திறப்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. இந்தச் சதுக்கங்களின் குணத்தைப் பாருங்கள்: வெளிப்பக்கச் சுவர் பெரும்பாலும் வெறுமை. காற்று போக ஒல்லியான பிளவுகள் மட்டும், வெளியே கைவிரல் அகலம், உள்ளே போகப் போக விரியும். திறப்புகள் எல்லாம் முற்றத்தைப் பார்த்தே இருக்கும். வயலிலிருந்து பார்க்கும்போது தெரியும் அந்த நீண்ட வெற்றுச் சுவரும், முறியாமல் ஓடும் கூரையும்தான் நிலக்காட்சியில் ஸ்டெடிங்கின் முகம். திறப்பு வேண்டுமென்றால் முற்றப் பக்கம் வையுங்கள். வெளிப்பக்கம் தேவைப்பட்டால் ஓரிடத்தில் தைரியமாக ஒன்றே ஒன்று. சுவர் நெடுக வரிசையாகச் சின்னச் சன்னல் குத்தினால் அது குடியிருப்புப் பேட்டை.

நேர்கோடு

"ஓரிடத்தில் தைரியமாக ஒன்று" என்பதை ஏற்கிறேன். ஆனால் முற்றத்தைப் பற்றி நீங்கள் பேசவே இல்லை. என் அனுபவத்தில் சுவரைவிட அங்கேதான் பெரிய அழிவு நடக்கிறது. எருக்குவியல் கிடந்த ஒரே வெளியை ஏழு வீட்டுக்காரர்களுக்கு ஏழு துண்டாக வெட்டி, மரவேலி அடித்து, ஆளுக்கொரு துணிக்கொடியும் கார் நிறுத்தும் இடமும் கொடுத்துவிடுகிறார்கள். கட்டடத்தில் ஒரு கல்லைக்கூடத் தொடாமல் ஸ்டெடிங்கைக் கொல்ல இது போதும். வேலியே இல்லாத பொது முற்றம், கார்கள் வெளியே பழைய கதிர்ப்போர்த் திடலில், தனித்தோட்டம் ஒவ்வொரு வீட்டுக்கும் புறப்பக்கம். திட்டத்தில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

கல்லும்சாந்தும்

இதில் உங்களோடு முழு உடன்பாடு.

வல்வைக்காரன்

நான் ஸ்காட்லாந்தில் வீட்டுப் பத்திர வேலை பார்க்கும் வழக்கறிஞர். பொது முற்றம் வடிவான யோசனை, ஆனால் அது பத்திரத்தில் எப்படி எழுதியிருக்கிறது என்று பார்க்க வேணும். இங்கே பெரும்பாலும் எல்லா வீட்டுக்காரருக்கும் முற்றம், உள்பாதை, கழிவுநீர்த் தொட்டி எல்லாவற்றிலும் பிரிக்கப்படாத பங்கு இருக்கும். யார் எவ்வளவு செலவு கொடுக்க வேணும், என்ன செய்யக்கூடாது என்பதெல்லாம் நிபந்தனைப் பத்திரத்தில் பதிவாகியிருக்கும். வேலி அடிக்கத் தடை இருக்கிறதா என்று அதில் தேடுங்கோ. இந்த நிபந்தனைகளை யார் வலியுறுத்தலாம் என்பதை 2003ஆம் ஆண்டு உரிமை நிபந்தனைச் சட்டம் சொல்கிறது. பராமரிப்பு நிறுவனம் ஒன்று பொறுப்பில் இருந்தால் அது 2011ஆம் ஆண்டு சொத்துப் பராமரிப்பாளர் சட்டத்தின்படி பதிவு செய்திருக்க வேணும்.

கூரைதான் சிக்கல். உங்கள் வீட்டுக் கூரையும் பக்கத்து வீட்டுக் கூரையும் ஒரே முகடு, ஒரே நீர்த்தாரை. அவர் பழுது பார்க்காவிட்டால் நனைவது நீங்கள். கூரையும் தாரையும் பொதுவா தனியா என்று எழுத்தில் கேளுங்கோ. கழிவுநீர்த் தொட்டி ஸ்காட்லாந்துச் சுற்றுச்சூழல் முகமையில் பதிவாகியிருக்கிறதா என்பதையும் கேளுங்கோ. பதிவு இல்லாமல் விற்பனை முடிவது கஷ்டம்.

தென்றல்வரலாறு

கட்டடத்தைப் பற்றி நன்றாகப் பேசுகிறீர்கள். அதைக் கட்டவைத்த காலத்தையும் கொஞ்சம் பேசலாமா? பல்கலைக்கழகத்தில் வேளாண் வரலாறு படித்தவள் நான். இந்தச் சீரான சதுக்கங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவற்றுக்கு முன்னால் அங்கே இருந்தவர்களும் நினைவுக்கு வருவார்கள்.

18ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்துத் தாழ்நிலத்தில் நிலம் துண்டுப் பட்டைகளாகப் பலரிடம் இருந்தது. சிறுகுடிசையும் கையளவு நிலமும் வைத்துக்கொண்டு, அதற்கு ஈடாகப் பண்ணையில் உழைத்த குடும்பங்கள் ஏராளம். நில மேம்பாடு என்ற பெயரில் பட்டைகள் ஒன்றாக்கப்பட்டு, 19 ஆண்டுக் குத்தகைக்குப் பெரிய குடியானவர்களிடம் போயின. நீண்ட குத்தகை கிடைத்தது, விளைச்சல் கூடியது, ஸ்டெடிங் எழுந்தது. குடிசைக்காரர்கள் நிலத்தை இழந்து கூலியானார்கள், நகரத்துக்குப் போனார்கள். வடக்கே மலைப்பகுதியில் மக்களை நிலத்தைவிட்டுத் துரத்திய வெளியேற்றம் உலகுக்குத் தெரியும். தாழ்நிலத்தில் நடந்தது சத்தமில்லாமல் நடந்தது.

லோதியனில் மணமான உழவருக்குக் கூலியின் பெரும்பகுதி ஓட்ஸும் பார்லியும் உருளைக்கிழங்குமாகத்தான். தன்னோடு வயல் வேலைக்கு ஒரு பெண்ணையும் கொண்டுவருவதாக அவர் ஒப்புக்கொள்ள வேண்டும். மனைவி, மகள், யாரும் இல்லையென்றால் கூலிக்கு ஒருத்தியை அமர்த்தி வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்தக் குடும்பங்கள் இருந்த வீடுகள் ஸ்டெடிங்கில் இல்லை, சற்றுத் தள்ளித் தாழ்ந்த ஒற்றை வரிசையாக இருக்கும். குதிரை லாயத்தின் கல்வேலைக்கும் அந்த வரிசையின் கல்வேலைக்கும் உள்ள வித்தியாசத்தைப் போய்ப் பாருங்கள். இன்றைக்கு மாடு நின்ற இடத்தில் நாம் குடியிருக்கிறோம். உழவர் குடியிருந்த வரிசை பல ஊர்களில் இடித்தே போய்விட்டது. வாங்குகிறவர் அந்த வரிசை எங்கே இருந்தது என்றாவது விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

மழைநாள்

அக்கா, ஆனால் சில ஸ்டெடிங்குகள் வெறும் பயனுக்காகக் கட்டியதாகவே தெரியவில்லையே. மணிக்கூண்டு, புறாமாடம், படிப்படியான முக்கோணச் சுவர் என்று அரண்மனை போல இருக்கின்றன.

தென்றல்வரலாறு

ஆமாம், நிலக்கிழார் தன் சொந்தப் பண்ணையைக் காட்சிக்காகவும் கட்டினார். விருந்தினரை அழைத்துப்போய்க் காட்டுவார்கள். அயர்ஷயரில் குல்லேன் கோட்டையின் பண்ணையை வரைந்தவர் கட்டடக் கலைஞர் ராபர்ட் ஆடம், கோட்டைக்கும் அவரேதான். நடுவில் முற்றம், சுற்றிக் கட்டடங்கள். அது வீடுகளாக மாறவில்லை. 1969இல் குல்லேன் ஸ்காட்லாந்தின் முதல் நாட்டுப்புறப் பூங்காவானது, பண்ணை பார்வையாளர் மையமாயிற்று. இன்வரரி அருகே ஷைரா பள்ளத்தாக்கில் ராபர்ட் மைல்ன் என்ற இன்னொரு கட்டடக் கலைஞர் வட்ட வடிவிலேயே ஒரு ஸ்டெடிங் திட்டமிட்டார். பாதி வட்டம்தான் எழுந்தது. அந்த அரைவட்டம் இன்றும் நிற்கிறது.

கிழக்குக்காற்று

எல்லாருக்கும் நன்றி. நேற்றுப் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். சொன்னபடி முதலில் முழுத் தொகுதியையும் சுற்றினேன்.

வண்டிக் கொட்டகை வளைவுகள் முற்றத்தைப் பார்க்கவில்லை, வெளியே பாதையைப் பார்க்கின்றன, வடக்கு முகம். வளைவைத் தாங்கும் தூண்களின் விளிம்பு இடுப்பளவுக்குக் கீழே உரசி உருண்டுபோயிருக்கிறது. வண்டிச் சக்கரத்தின் குடம் இடித்து இடித்துத் தேய்ந்த இடம் என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் காட்டினார். கையை வைத்தால் வழவழவென்று இருக்கிறது. கண்ணாடியை வளைவின் வெளி விளிம்பில் வைக்காமல் ஒரு முழம் உள்ளே தள்ளி வைத்திருப்பதால் வளைவின் கனம் தெரிகிறது. மேலே கிடங்கின் பழைய தரைப்பலகை அப்படியே.

களஞ்சியத்தில் குறுக்குச் சுவரெல்லாம் எழுப்பிப் பாதியை இரண்டு மாடியாக்கிவிட்டார்கள். ஆனால் ஒரு பாதி தரையிலிருந்து முகடு வரை திறந்தே இருக்கிறது, கைமரங்கள் எல்லாம் தெரிகின்றன. குதிரை ஆலையின் கூரையை அண்ணாந்து பார்த்தால் எட்டுப் பக்கத்திலிருந்தும் கைமரம் வந்து ஓரிடத்தில் கூடுகிறது. அதற்குக் குறுக்கே கனமான உத்தரம் ஒன்று, நடுத்தண்டைப் பிடித்த இரும்பு அதில் இன்னும் இருக்கிறது. மனைவி அங்கேயே தீர்மானித்துவிட்டாள்.

கேள்வி இரண்டு. கூரை சிவப்பு வளை ஓடு, ஆனால் இறவாரத்தை ஒட்டிக் கடைசிச் சில வரிசை மட்டும் ஸ்லேட் என்னும் மெல்லிய கற்பலகை. ஓடு உடைந்து ஒட்டுப்போட்டதா? அப்புறம், குதிரை ஆலையும் களஞ்சியமும் சேரும் மூலையில் உள்பக்கம் ஒரு ஈரத் திட்டு, ஒரு முறம் அளவுக்கு.

கல்லும்சாந்தும்

ஸ்லேட் வரிசை ஒட்டு அல்ல, பழைய முறையேதான். சுவர் கனமாக இருப்பதால் கைமரத்தின் அடியில் கூரைச் சரிவு கொஞ்சம் படுத்துவிடும். சரிவு குறைந்த இடத்தில் வளை ஓட்டுக்கடியில் காற்று மழையை உள்ளே தள்ளும். அங்கே ஸ்லேட் போட்டால் நீர் சீராக வழிந்து தாரையில் விழும். ஃபைஃப், லோதியன் கரையோரம் முழுக்க இப்படிப் பார்க்கலாம். மாற்றியவர்கள் அதை விட்டுவைத்தது நல்ல அறிகுறி. ஸ்லேட்டில் எது உடைந்தாலும் பழைய ஸ்காட்டிஷ் ஸ்லேட் தேடி வாங்குங்கள். பெயர்பெற்ற பல்லகூலிஷ் ஸ்லேட் சுரங்கம் 1955இலேயே மூடிவிட்டது, அதனால் கிடைப்பதெல்லாம் இடித்த கட்டடத்துச் சரக்குதான். கனமும் அளவும் வேறான இறக்குமதிச் சரக்கு அந்த வரிசையில் உட்காராது.

ஈரத்திட்டு: இரண்டு கூரை சேரும் பள்ளத்தில் ஈயத்தகடு மடித்திருப்பார்கள். அது விரிசல் விட்டிருக்கலாம், இலை அடைத்திருக்கலாம். வெளியே அதே இடத்தில் கல்லில் பச்சை படிந்திருக்கிறதா என்று பாருங்கள். படிந்திருந்தால் நீர் மேலிருந்து வருகிறது, சரிசெய்வது சுலபம். வெளியே தரைமட்டம் உள்தரையைவிட உயர்ந்திருந்தால் அது வேறு வேலை. குதிரை ஆலைப் பக்கம் தோட்டத்துக்காக மண் கொட்டியிருப்பார்கள், அதையும் கவனியுங்கள்.

அபர்தீன்அக்கா

வடக்கு முகக் கண்ணாடி வளைவு அழகுதான், ஆனால் குளிர்காலத்தில் வெயிலே வராது. வண்டியின் மரம் வெயிலில் காய்ந்து வெடிக்கக்கூடாது என்றுதான் பல இடங்களில் கொட்டகையை வடக்கே பார்த்துக் கட்டினார்கள். வண்டிக்கு நல்லது மனிதருக்கு நல்லதாக இருக்கவேண்டும் என்றில்லை. களஞ்சியத்துக்குத் தெற்கே முற்றம் இருக்கிறதே, அதையே எடுங்கள்.

நேர்கோடு

நானும் களஞ்சியம் என்றே சொல்வேன். ஒரு பாதியை முகடு வரை திறந்து விட்டவர் யாரோ, படுக்கையறை ஒன்றைத் தியாகம் செய்து அதைச் செய்திருக்கிறார். விற்பனைக் கணக்கில் அது நட்டம்.

ஒரு நடைமுறைச் செய்தி: கூரையில் எதைத் தொடுவதானாலும் முதலில் வௌவால் இருக்கிறதா என்று ஆய்வு செய்ய வேண்டும். இருந்தால் நேச்சர்ஸ்காட் என்ற அரசு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் உரிமம் இல்லாமல் தொடமுடியாது. பி வகைக் கட்டடம் என்பதால் சன்னல் மாற்றுவதற்கும் உள்ளாட்சியின் ஒப்புதல் வேண்டும். பண்ணைக் கட்டடத்தை ஐந்து வீடுகள் வரை எளிய முறையில் மாற்ற 2021இல் கொண்டுவந்த சலுகை பட்டியலிட்ட கட்டடங்களுக்குப் பொருந்தாது.

கிழக்குக்காற்று

களஞ்சியத்துக்கே விலை கேட்கப்போகிறோம். வல்வைக்காரன் அண்ணா சொன்ன பத்திரங்களை வழக்கறிஞரிடம் கேட்டிருக்கிறேன். முற்றத்தில் வேலிக்குத் தடை உண்டு என்று பெரியவர் சொன்னார், எழுத்தில் பார்த்தபின் இங்கே போடுகிறேன். உழவர் வரிசையைப் பற்றியும் அவரிடம் விசாரித்தேன். பாதைக்கு அப்பால் இரண்டு வீடுகள் மட்டும் மிச்சம், மற்றவை இடிந்துவிட்டனவாம்.

பின்சுவரில் ஒரு பகுதி சிமெண்ட் பூசியிருக்கிறது. வாங்கியதும் எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு பூச நினைக்கிறேன். நவம்பரில் குடிபோனால் உடனே செய்யலாமா?

கல்லும்சாந்தும்

நவம்பரில் வேண்டாம். சுண்ணாம்பு இறுக நேரம் எடுக்கும், அதற்குள் உறைபனி பட்டால் பொடிந்து கொட்டிவிடும். ஏப்ரல் கடைசியிலிருந்து செப்டம்பர் தொடக்கத்துக்குள் முடியுங்கள். பூசியபின் ஈரச் சாக்கு தொங்கவிட்டுக் காற்றும் வெயிலும் நேராகப் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சிமெண்டை எடுக்கும்போது சுழலும் இயந்திரத்தால் அறுக்க விடாதீர்கள், கல்லின் ஓரம் போய்விடும். உளியும் சுத்தியும் போதும். பெரிய கல்லுக்கு நடுவில் செருகியிருக்கும் சிறுகற்கள் கீழே விழுந்தால் பொறுக்கி வைத்துத் திரும்ப அதே இடத்தில் செருகச் சொல்லுங்கள். சாந்து குறைவாகப் பிடிக்கும், சுவரும் பழைய முகத்தோடு இருக்கும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரை இப்போதே பேசி வையுங்கள், நல்ல ஆட்களிடம் அடுத்த கோடைக்கான வேலை முன்கூட்டியே நிரம்பிவிடும்.